பூஜை போட்ட ஜீப்

தமயந்தி ஜீப் வாங்கினாள்; எத்திராஜ் ஓட்டினார். சந்தாபுராவில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் இது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மனைவி சமைப்பாள், புருஷன் உப்பு குறைகிறது என்பான். அந்த மாதிரி இதுவும் உலக வழக்கம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தமயந்தி ஹெப்பகோடியில் மின்சாதனம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, 'விருப்ப ஓய்வு' என்று நிர்வாகம் தன் விருப்பத்தைத் தெரிவித்த நாளில் வெளியே வந்தவள். அத்தனை வருஷமும் கம்பெனி பஸ்ஸில்தான் போனாள், வந்தாள். ஓசூர் ரோடு நெரிசலில் பஸ் சிக்கி நிற்கும்போது, பக்கத்தில் யாராவது ஒரு ஜீப்பில் உயரமாக உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். நகைக்கோ பட்டுக்கோ அவள் ஒருநாளும் ஏங்கியது கிடையாது. அந்த மாதிரி ஒரு சீட்டில் தானே சக்கரத்தைப் பிடித்து உட்கார வேண்டும், நாலு பேரை மேலேயிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. லைசென்ஸ் எப்போதோ எடுத்துவிட்டாள். வீட்டில் முன்பு இருந்த சின்னக் காரை, பக்கத்தில் எத்திராஜ் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று அலற, காய்கறிக் கடை வரைக்கும் ஓட்டியும் இருக்கிறாள்.

எத்திராஜ் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் அப்பாவும் அரசாங்க உத்தியோகம்தான். எத்திராஜ் கன்னடத்திலும் தமிழிலும் ஒரே சரளத்தோடு பிறருக்குப் புத்தி சொல்லக்கூடியவர். அவரிடம் ஒரே ஒரு கொள்கை உண்டு: யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ஒருமுறை ஆனேக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வழி கேட்க மனம் ஒப்பாமல், வேறு யாரோ வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு வீட்ல ஒருத்தன்கூட நம்மள கண்டுக்கல பாத்தியா" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்த மகானுபாவர்.

ஜீப் அதே ஆனேக்கல்லில்தான் கிடைத்தது. பவுலின் என்ற கால்நடை மருத்துவர், சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் மாடு பார்க்கப் போய்வந்த வண்டி. பாசிப்பச்சை நிறம், முட்டியளவு உயரத்தில் ஏறுபடி, நாலு சக்கரமும் இழுக்கும் ஜாதி. தமயந்தி அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டியின் சூட்சுமங்களை விளக்குவதற்காக பவுலின் வெளியே வந்தார். விளக்கம் கேட்கும் பொறுப்பை எத்திராஜ் தாமாகவே ஏற்றுக்கொண்டார். அந்தம்மா கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, எதையெதையோ காட்டிப் பேசியது. இவர் "தெரியும், தெரியும்" என்று தலையை ஆட்டியபடியே இருந்தார்.

"என்னங்க சொன்னாங்க?" என்று தமயந்தி கேட்டாள்.

"என்ன சொல்லப் போறாங்க, டீசல் போடணும், டயர்ல காத்து பாக்கணும். எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான்."

அன்று ஆனேக்கல்லிலிருந்து வீடுவரை அவர்தான் ஓட்டிவந்தார். புது இடம், பழைய வண்டி, முதல் தடவை ஆம்பளை ஓட்டுவதுதான் நல்லது என்றார். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இடதுபக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ஹாரன் தானாக ஒருதரம் 'பாம்' என்று அடித்தது. "ஈரம் இருக்கும், காஞ்சா சரியாயிடும்" என்றார் எத்திராஜ். வெயிலோ மண்டையைப் பிளந்தது.

மறுநாள் காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் போதும் என்று உலகமே நம்புகிறது. எத்திராஜ் ஐந்து வாங்கினார். ஜீப்பில் ஸ்டெப்னி இருக்கிறதே, பழத்துக்கு வேண்டாமா? அர்ச்சகர் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மந்திரித்த மஞ்சள் சிவப்புக் கயிறு ஒன்றைக் கொடுத்து "வண்டியில எங்கயாவது கட்டிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த ஸ்கூட்டருக்குப் போய்விட்டார்.

எங்கே கட்டுவது? கண்ணாடியில் கட்டினால் பார்வையை மறைக்கும், ஸ்டீயரிங்கில் கட்டினால் கையில் மாட்டும். எத்திராஜ் உள்ளே எட்டிப்பார்த்தார். கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டைக் கம்பி, குமிழ் வைத்தது, ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதில் கயிற்றைச் சுற்றினார். மிச்சக் கயிறு தொங்குவது அழகாக இல்லாததால், கம்பியைப் பின்னால் வெடுக்கென்று இழுத்து, சீட்டின் இரும்புக் காலோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். கம்பி 'டக்' என்றது. மீட்டர் பலகையில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரிந்தது.

எத்திராஜுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. பூஜை பலித்ததற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்! அந்த விளக்கின் மேலேயே கனமாகச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார். அத்தோடு அந்த விளக்கு யார் கண்ணிலும் படவில்லை. தமயந்தி அப்போது வெளியே தேங்காய் மூடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வண்டி நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு நேராகக் கிளம்பியது. கோயில் மூலையில் திரும்பியதும் ஆரம்பித்தது கூத்து. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. டயர் கிறீச்சிட்டது. வண்டி முரண்டு பிடித்து, விட்டு விட்டுக் குதித்தது. நேராகப் போனால் ஒன்றும் இல்லை, திரும்பினால் குதித்தது.

"பாத்தியா, திருஷ்டி!" என்றார் எத்திராஜ். "நல்லவேளை பூஜை போட்டோம். இல்லேன்னா இன்னும் என்ன ஆயிருக்குமோ!"

அன்று முதல் நோய் கண்டுபிடிக்கும் படலம். முதலில் வந்தவன் நாலாவது மாடி கவின். பெருந்துறைப் பையன், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. காட்டு வழியில் வண்டி ஓட்டுகிறவர்களின் வீடியோ ஒன்றுவிடாமல் பார்ப்பவன். அவனிடம் இருப்பது ஒரு சின்னக் கார். அதன் பின்கண்ணாடியில் இமயமலைப் படம் ஒட்டியிருக்கும். அந்தக் கார் இதுவரை ஏறிய உயரம் அபார்ட்மெண்டின் ஸ்பீட் பிரேக்கர். ஜீப் திரும்புவதைச் செல்போனில் படம் எடுத்து, அந்த வீடியோ ரசிகர்களின் குழுவில் போட்டு, பதில் வாங்கிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், இது டெத் வாபிளுங்க. அமெரிக்காவுல ரொம்ப ஃபேமஸுங்க. முன்னாடி ஆக்ஸிலயே மாத்தோணும்."

அமெரிக்காவில் வரும் வியாதி தன் வண்டிக்கு வந்திருப்பதில் எத்திராஜுக்கு உள்ளூர ஒரு பெருமை. பார்க்கிற பேரிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

இரண்டாவது, மெக்கானிக் ஜப்பார். ஹெப்பகோடி பக்கம் ஷெட் வைத்திருப்பவர்; அவர் கண்ணில் எந்த வண்டிக்கும் சின்ன ரிப்பேர் வந்ததே இல்லை. வாசலில் நின்றபடியே வண்டியை ஒரு வட்டம் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டார்.

"ஃபோர் வீல்ல போட்டு வெச்சிருக்கீங்களா ஸாப்?"

"ஏன், நான் என்ன காட்டுலயா ஓட்றேன்?" என்று எத்திராஜ் எரிந்து விழுந்தார். "ரோட்லதானே ஓட்றேன்!"

"அப்போ கியர்பாக்ஸுதான். எறக்கிடலாம்." உள்ளே எட்டிப்பார்த்த ஜப்பார், கயிறு கட்டியிருந்த கம்பியைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பூஜை கட்டியிருக்கு. நான் தொட மாட்டேன் ஸாப். எறக்கும்போது நீங்களே அவுத்துக் குடுத்துடுங்க."

இதற்கு நடுவில் வண்டிக்குள் ஒரு நாற்றமும் கிளம்பியது. கவின் "கிளட்ச் கருகுதுங்க" என்றான். ஜப்பார் "ஏசிக்குள்ள எலி செத்துப்போச்சு" என்றார். எத்திராஜ் ஒரு ஊதுவத்தி ஏற்றி வைத்தார். அதற்கப்புறம் வண்டி, எலி செத்த பூஜை அறை மாதிரி மணத்தது.

இத்தனையிலும் தமயந்திக்கு ஒரே ஒரு கேள்விதான். தினமும் காலையில் காப்பியோடு சேர்த்துக் கேட்பாள். "நான் எப்போங்க ஓட்றது?"

"முதல்ல சரியாகட்டும். ரிப்பேர் வண்டிய பொம்பள கையில குடுத்துட்டு நான் வேடிக்கை பாக்கறதா?"

வண்டி சரியாகவில்லை. ஆகவே அவர் ஓட்டினார். பால் வாங்க ஓட்டினார், பேப்பர் வாங்க ஓட்டினார், 'டெஸ்ட் பண்றேன்' என்று அத்திப்பள்ளி வரைக்கும் போய் மசால் தோசை தின்றுவிட்டு வந்தார். தமயந்தி பக்கத்து சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து போனாள். என்ன, அந்த பஸ்ஸில் டிரைவர் வாய் திறக்க மாட்டான்.

கடைசியில் ஒருநாள் எத்திராஜ் தீர்ப்புச் சொன்னார். "தலைவலியே வேண்டாம். ஓசூர்ல ஒருத்தர் கேக்கறார். சனிக்கிழமை வந்து பாக்கறேன்னார். இதைத் தள்ளிட்டு, உனக்கு வசதியா கியர் இல்லாத சின்ன வண்டி ஒண்ணு பாத்துக்கலாம்."

"என் வண்டிய விக்க என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார். அவர் யாரைத்தான் கேட்டார், இவளைக் கேட்பதற்கு! தமயந்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு தடவைகூட, தெருமுனை வரைக்கும்கூட ஓட்டிப் பார்க்காத வண்டி கையைவிட்டுப் போகப்போகிறதே! பாத்திரம் கழுவும் சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை எத்திராஜ் ஏதோ வேலையாக ஓசூருக்கு பஸ்ஸில் போனார். போகும்போது, "வாங்கறவன் வர்றான், வண்டிய உள்ள நல்லா தொடைச்சு வை" என்று அவளுக்கு ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஓட்டத்தான் தரமாட்டார், துடைக்கத் தாராளமாகத் தருவார்.

தமயந்தி துணியும் வாளியுமாகக் கீழே இறங்கினாள். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். கொழகொழவென்று என்னமோ அகப்பட்டது. வெளியே எடுத்தால், பச்சைப் பூஞ்சை பூத்து, பாதி கரைந்துபோன எலுமிச்சம்பழம். அந்த ஐந்தாவது பழம், ஸ்டெப்னி! கருகிய கிளட்சும் அதுதான், செத்த எலியும் அதுதான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. நாற்றம் பூஜையிலிருந்து வந்தது என்றால், குதிப்பது எப்போது வந்தது? ஆனேக்கல்லிலிருந்து வரும்போது குதிக்கவில்லையே. கோயில் மூலையில்தானே முதல் முதலாகக் குதித்தது?

வண்டிக்குள் நிதானமாகக் கண்ணை ஓட்டினாள். பூஜைக்கு முன்னால் இல்லாதது, பின்னால் வந்தது என்று பார்த்தால், ஒரு கயிறு, ஒரு சந்தனப் பொட்டு. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். சாவியைத் திருப்பினாள். உள்ளேயிருந்து பச்சை விளக்கு எரிந்தது. அதில் குட்டியாக ஒரு வண்டிப் படம், நாலு சக்கரத்தோடு. உடனே பவுலினுக்குப் போன் போட்டாள்.

"மேடம், கியருக்குப் பக்கத்துல குட்டையா ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?"

அந்தப் பக்கம் பவுலின் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"அன்னிக்கே சார்கிட்ட அவ்ளோ தூரம் சொன்னேனேம்மா! ரோட்ல போறப்ப அது முன்னாடிதான் இருக்கணும். பின்னாடி இழுத்தா நாலு சக்கரமும் சேந்து இழுக்கும், அது சேத்துக்கும் மண்ணுக்கும்தான். தார் ரோட்ல அப்படியே வெச்சுத் திருப்பினா முரண்டு பண்ணும், குதிக்கும். பாவம், அதுக்கு வலிக்கும்மா." மாடு பார்க்கிற டாக்டர் அல்லவா.

"அந்த ஹாரன்?"

"அது அப்படித்தான், லெஃப்ட்ல முழுசா ஒடிச்சா அடிக்கும். தோட்டத்துல திரும்பறப்ப மாடுங்க ஒதுங்கிக்கும், சௌகரியமா இருந்துச்சு. சும்னே, ரிப்பேர் பண்ணாம விட்டுட்டேன்."

தமயந்தி முடிச்சை அவிழ்த்தாள். கம்பியை முன்னால் தள்ளினாள், அசையவில்லை. வண்டியைக் கிளப்பி, ஓரடி பின்னால் எடுத்து, கிளட்சை மிதித்து மறுபடி தள்ளினாள். 'டக்'. பச்சை விளக்கு அணைந்தது. பார்க்கிங்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஒரு விரலால் திருப்பலாம் போலிருந்தது. இடது மூலையில் 'பாம்' என்றது. வாட்ச்மேன் ஒதுங்கி நின்று சல்யூட் அடித்தார். அவளுக்கு இன்னொரு வட்டம் போட வேண்டும்போல் இருந்தது, போட்டாள்.

சாயங்காலம் எத்திராஜ் வந்ததும் காப்பியைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். சத்தியமாக. வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இத பாரு தமா, சனிக்கிழமை அந்தாள் வர்றப்போ நீ ஒண்ணும் பேசாத. உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? ஏதாவது உளறி வெச்சு, காரியத்தக் கெடுத்துடுவே. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றாள் தமயந்தி. புருஷன் சொல்லைத் தட்டக்கூடாது இல்லையா. காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கீழே போய், கம்பியைப் பின்னால் இழுத்து, கயிற்றைப் பழையபடி கட்டினாள். பேக்கிங்கில் காலமெல்லாம் கட்டுப் போட்ட கை. பார்க்க இறுக்கமாக இருக்கும், நுனியைத் தொட்டு இழுத்தால் கழன்றுவிடும். விளக்கின்மேல் புதுச் சந்தனமும் வைத்தாள், பக்தியோடு.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓசூர்க்காரர் வந்தார். கவினும் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "கொஞ்சம் முரட்டு வண்டி, அதான் கம்பீரம்" என்று எத்திராஜ் முன்னுரை வாசித்தார். ஓசூர்க்காரர் பார்க்கிங்கில் ஒரு திருப்பம் திருப்பினார். ஜீப் குதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இடதுபக்கம் ஒடித்தார். ஜீப் இன்னும் உயரமாகக் குதித்து, 'பாம்' என்று வேறு அலறியது. மனிதர் அப்படியே நிறுத்தி, இறங்கி, சாவியை எத்திராஜ் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"ஐயா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றவர், தமயந்தி கொண்டுவந்த டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடையைக் கட்டினார்.

எத்திராஜ் முகம் தொங்கிப்போயிற்று. "இனிமே இதை எவன் வாங்குவான்?"

"நான் ஒருதரம் ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்றாள் தமயந்தி. "எப்படியும் யாரும் வாங்கப் போறதில்லையே."

"ஓட்டு. நீ ஓட்டி என்ன ஆகப்போகுது."

அவள் ஏறி, கதவைச் சாத்தி, துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். கயிறு கழன்றது. கொஞ்சம் பின்னால் எடுத்தாள், கம்பி முன்னால் போயிற்று. பிறகு பார்க்கிங்கை முழுசாக ஒரு சுற்று சுற்றினாள். ஜீப் பூனை மாதிரி அலுங்காமல் திரும்பியது. எத்திராஜுக்கு வாய் திறந்தது, மூடவில்லை.

நிறுத்தி, கம்பியைப் பின்னால் இழுத்து, கயிற்றை மாட்டிவிட்டு இறங்கினாள். "நல்லாத்தானேங்க இருக்கு. நீங்க பாருங்க."

அவர் ஏறினார். ஜீப் குதித்தது. அவள் ஏறினாள். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி அவர் ஏறினார். மறுபடி குதித்தது, போன தடவையைவிட ஆங்காரமாக. ஒவ்வொரு தடவையும் கவின் வளைந்து வளைந்து படம் எடுத்தான்.

"அங்கிள், இது டிரைவிங் ஸ்டைலுங்க," என்றான் கடைசியில். "ஆன்ட்டியோட ஃபுட்வொர்க் வேற லெவலுங்க. நீங்க வண்டிய ரொம்ப மெரட்டறீங்க."

எத்திராஜ் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மனைவியிடம் நீட்டினார். "இந்தா. நீயே வெச்சுக்க. இது உன் கைக்குத்தான் அடங்குது." குரலில் சாட்சாத் தோல்வி. தமயந்திக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரே ஒரு கணம்.

"ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள்.

அவர் சுற்றி வருவதற்குள் அவள் ஏறி, முடிச்சை இழுத்து, கொஞ்சம் பின்னால் எடுத்து, கம்பியை முன்னால் தள்ளிவிட்டாள். இடதுபக்க சீட்டில் அவர் ஏறி உட்கார்ந்தார். கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதை அவர் மடியில் வைத்தாள். ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடியை நெருங்கும்போது ஷிப்ட் விட்டுவிட்டார்கள். அவளுடைய பழைய கம்பெனி பஸ், நெரிசலில் வழக்கம்போல் சிக்கிக்கொண்டு, பக்கத்திலேயே நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண், தமயந்தி உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, ஜீப்பை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். தமயந்தி ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவில்லை.

எத்திராஜ் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னார். "நான் ஓட்டினா மட்டும் ஏன் குதிக்குதுன்னுதான் புரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் தமயந்தி. "கேட்டீங்கன்னா சொல்லிடுவேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே தெரிந்த கடைகளின் போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார்.

அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சர்வீஸ் ரோட்டில் இடதுபக்கம் முழுசாக ஒடித்தாள். ஹாரன் தானாக அடித்தது, எதிரே நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.